மாதிரி நாடாளுமன்றத்தில் அவை தடுமாறினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

மாணவர்கள் அவை உறுப்பினர்களாக அமர்ந்து ஓர் அமர்வை நடத்திக் காட்டும் மாதிரி நாடாளுமன்றப் போட்டிக்கு ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் வருகிறார்கள். கோளாறுகள் மட்டும் போன ஆண்டின் கோளாறுகளாகவே திரும்பி வருகின்றன. அவற்றை ஒத்திகைக்கு ஒத்திகை சரிசெய்து பழகியதில் கிடைத்ததை, அணியைத் தயார் செய்யும் ஆசிரியர்களுக்கும், சபாநாயகராகவோ கொறடாவாகவோ (தன் கட்சி உறுப்பினர்களை அவைக்கு வரவைத்து வாக்களிக்க வைப்பவர்) அமரவிருக்கும் மாணவர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். மக்களவையின் நடைமுறை விதிகளையே அளவுகோலாகக் கொண்டிருக்கிறேன். அணி என்பது ஐம்பது, ஐம்பத்தைந்து மாணவர்கள். அமர்வு என்பது ஒரு மணி நேரம்.

அறிகுறி எதுவானாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான். பேச்சாளர் சரியில்லை என்று முடிவுகட்டும் முன், சபாநாயகரின் கையில் இருக்கும் தாளை வாங்கிப் படித்துப் பாருங்கள். அந்தத் தாளில் ஒவ்வோர் அலுவலும் எப்படித் தொடங்குகிறது, யார் பெயரை அழைக்க வேண்டும், அவையிடம் என்ன கேட்க வேண்டும், முடிவை எந்தச் சொற்களில் அறிவிக்க வேண்டும் என்ற நான்கும் எழுதப்பட்டிருக்க வேண்டும். பாதிக்கு மேற்பட்ட கோளாறுகள் இந்த நான்கில் ஒன்று விடுபட்டதால்தான் வருகின்றன. பேச்சுக்கு மூன்று வாரம் செலவழித்துவிட்டு, சபாநாயகரின் தாளைப் போட்டிக்கு முந்தைய நாள் இரவில் எழுதும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. முதலில் அதை மாற்றினாலே பின்வரும் பகுதிகளில் பலவற்றைப் படிக்கத் தேவையிருக்காது.

அறிகுறி: மணி அடித்துவிட்டது, மசோதா இன்னும் பிரிவு 2-இல் நிற்கிறது

மிக எளிய காரணம் நடை. ஒலிவாங்கி நடுவில் ஒன்றே ஒன்று இருந்தால், பேச எழும் ஒவ்வொருவரும் பத்துப் பன்னிரண்டு வினாடி நடக்கிறார். முப்பது பேர் நடந்தால் ஐந்தாறு நிமிடம் போய்விடும். எங்கள் அணியின் ஓர் ஒத்திகையில், எழுதி வைத்திருந்த பேச்சுகளையெல்லாம் தனித்தனியே கடிகாரம் வைத்துப் படித்துப் பார்த்தபோது மொத்தம் 46 நிமிடம் வந்தது. அதே பேச்சுகளை அவையாக அமர்ந்து நடத்தியபோது 71 நிமிடம் ஆயிற்று. இடைப்பட்ட இருபத்தைந்து நிமிடத்தை நடையும், மேசை தட்டலும், தாள் புரட்டலும், “மாண்புமிகு” என்று தொடங்கி மூன்று வரிக்கு நீளும் விளிப்புகளும் தின்றுவிட்டிருந்தன.

சோதிக்கும் முறை இதுதான்: அணியில் இல்லாத ஒரு மாணவரைக் கடிகாரத்தோடு ஓரமாக உட்கார வைத்து, ஒவ்வோர் அலுவலும் தொடங்கும் நேரத்தை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள், இடையில் அவர் வாய் திறக்கக் கூடாது. உறுதிமொழியும் இரங்கல் குறிப்பும் சேர்ந்து 5 நிமிடம், கேள்வி நேரம் 15, நேரமில்லா நேரம் (அவசரப் பொது விஷயங்களை உறுப்பினர்கள் எழுப்பும் நேரம்) 8, கவன ஈர்ப்பு (அவசர விஷயம் ஒன்றில் அமைச்சரின் கவனத்தை ஈர்த்து அறிக்கை கேட்பது) 8, மசோதா 20, முடிவுக்கு 4 என்பது நான் வைத்துக்கொள்ளும் கணக்கு. எந்த அலுவல் மீறுகிறது என்று தெரிந்த பிறகு அதை மட்டும் தொடுங்கள்.

உறுதிமொழி நீண்டால், புதிய உறுப்பினர் ஒருவர் போதும்; மூவர் வேண்டியதில்லை. கவன ஈர்ப்பு நீண்டால், அங்கே விவாதம் நுழைந்திருக்கிறது என்று பொருள். விதி 197-இன்படி அமைச்சர் அறிக்கை தருவார், பெயர் கொடுத்த உறுப்பினர்கள் விளக்கம் கேட்டு ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான். அறிக்கையின் மீது விவாதம் கிடையாது. இவ்வளவும் செய்த பிறகும் நேரம் போதவில்லை என்றால் ஓர் அலுவலை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். மனது கேட்காமல் எல்லாப் பேச்சிலும் இரண்டிரண்டு வரி வெட்டுவதும், அவசரத்தில் மசோதாவின் ஒரு கட்டத்தைத் தாண்டிப் போவதும் மதிப்பெண்ணைக் கூடுதலாகக் கரைக்கும்.

அறிகுறி: கேள்வி நேரம் கட்டுரைப் போட்டி போல ஒலிக்கிறது

கேள்வி கேட்பவர் ஒரு நிமிடம் ஒப்பிக்கிறார், அமைச்சர் இரண்டு நிமிடம் ஒப்பிக்கிறார், அவை தூங்குகிறது. இதற்கு முதற்காரணம் அச்சிட்ட கேள்வியை வாயால் படிப்பது. நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் (அவையில் வாய்மொழியாகப் பதில் பெறுபவை), ஒரு நாளைக்கு 20 என்ற அளவில், முன்கூட்டியே அச்சிட்டு உறுப்பினர்களிடம் தரப்படுபவை. ஆகவே சபாநாயகர் பெயரை அழைத்ததும் உறுப்பினர் எழுந்து கேள்வியின் எண்ணை மட்டும் சொல்ல, அமைச்சர் “அறிக்கை அவையின் மேசைமீது வைக்கப்படுகிறது” என்று சொல்வதே அவை வழக்கம். உயிர் இருப்பது அதன் பின் வரும் துணைக் கேள்விகளில். எண்ணைச் சொல்லித் தொடங்கும் இந்தப் பழக்கத்தைப் புகுத்தியதும் எங்களுக்கு நான்கு நிமிடம் மிச்சமானது. அதில் இன்னொரு முழுக் கேள்வியே சேர்ந்தது.

அடுத்த காரணம், கேள்வி அந்த அவைக்கு உரியதாக இல்லாமல் இருப்பது. ஒரு மாணவி, தன் ஊருக்கு வரும் மாலை நேரப் பேருந்து ஏன் வாரத்தில் இரண்டு நாள் வருவதில்லை என்று மிக அழகாக எழுதிக்கொண்டு வந்தாள். உண்மையான குறை, உண்மையான கோபம். ஆனால் ஊர்ப் பேருந்து மாநில அரசின் பொறுப்பு. மக்களவையில் எழும் கேள்வி, மத்திய அரசு முதன்மையாகப் பொறுப்பேற்கும் விஷயத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பது விதி 41. காவல் நிலையம், தெருவிளக்கு, ரேஷன் கடை வரிசை ஆகியவற்றிலும் இதே சறுக்கல் அடிக்கடி வரும். அந்த மாணவியின் கேள்வியை, அதே ஊரின் ரயில் நிலையத்தில் மாலை வண்டி நிற்காமல் போவதைப் பற்றி ரயில்வே அமைச்சரிடம் கேட்பதாக மாற்றினோம். கோபம் அப்படியே இருந்தது, விதியும் பிழைத்தது. சட்டமன்றமாக அமரும் போட்டியென்றால் பேருந்தையே கேட்கலாம். எந்த அவையாக அமர்கிறோம் என்பதைக் கேள்வி எழுதும் முன்பே முடிவு செய்யுங்கள்.

மூன்றாவதாகக் கேள்வியின் வடிவத்தைச் சோதியுங்கள். விதி 41 வாதத்தையும், ஊகத்தையும், கிண்டலையும், அடைமொழிகளையும் கேள்வியில் அனுமதிப்பதில்லை. சாதாரணமாக 150 சொல்லைத் தாண்டவும் கூடாது. “இந்த மக்கள் விரோத அரசு உறங்கிக்கொண்டிருக்கிறதா?” என்பதில் கேள்விக்குறி இருக்கிறது, கேள்வி இல்லை. “எத்தனை, எந்தத் தேதியிலிருந்து, எவ்வளவு தொகை, இல்லையெனில் காரணம் என்ன” என்று கேட்கப் பழக்குங்கள். துணைக் கேள்வி மூலக் கேள்வியிலிருந்தோ அமைச்சரின் பதிலிலிருந்தோ பிறக்க வேண்டும். ரயில் நிலையக் குடிநீர்க் குழாய்களைப் பற்றிய கேள்விக்குத் துணைக் கேள்வியாக முன்பதிவுக் கட்டணத்தைக் கேட்டால், சபாநாயகர் “இது மூலக் கேள்வியிலிருந்து எழவில்லை” என்று மறுக்க வேண்டும். வேண்டுமென்றே அப்படி ஒரு துணைக் கேள்வியை வைத்து, சபாநாயகர் அதை மறுப்பதை நடுவர்கள் பார்க்கும்படி செய்வதும் நல்ல உத்திதான். ஒருமுறைக்கு மேல் செய்தால் உத்தி வெளுத்துவிடும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் பதில்கள் உயிரற்றுக் கிடந்தால், அமைச்சர்களுக்குத் துணைக் கேள்விகள் முன்பே தெரிந்திருக்கின்றன என்று பொருள். கடைசி இரண்டு ஒத்திகைகளில் துணைக் கேள்விகளை எதிர்க்கட்சியே இரகசியமாக எழுதிக்கொள்ளட்டும். உழைப்பு அதிகம் கேட்கும் மருந்து இது. அமைச்சராக இருப்பவர் தன் துறையை உண்மையிலேயே படிக்க வேண்டியிருக்கும்.

அறிகுறி: உறுப்பினர்கள் சபாநாயகரை மறந்து ஒருவரோடொருவர் மல்லுக்கு நிற்கிறார்கள்

நாற்காலிகளைப் பாருங்கள். இரு தரப்பும் நேருக்கு நேர் அமர்ந்து, சபாநாயகரின் இருக்கை மேடையின் ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டிருந்தால், எந்த மாணவரும் எதிரே இருக்கும் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். இருக்கையை நடுவில், சற்று உயரத்தில், இரு தரப்புக்கும் சம தூரத்தில் வையுங்கள். செலவில்லாத இந்த ஒரு மாற்றத்தாலேயே “நீங்கள் சொன்னீர்களே” என்பது “அமைச்சர் அவர்கள் சொன்னதாக” என்று மாறுவதைப் பார்த்திருக்கிறேன். எப்போதும் சபாநாயகரை விளித்தே பேச வேண்டும், இருக்கைக்கு வரும்போதும் போகும்போதும் அவரை வணங்க வேண்டும், பேசிக்கொண்டிருப்பவருக்கும் சபாநாயகருக்கும் இடையே குறுக்கே நடக்கக் கூடாது என்பனவெல்லாம் விதி 349-இல் உள்ளவை. சிறியவை, ஆனால் நடுவர்களின் கண்ணில் முதலில் படுபவை.

நாற்காலி சரியாக இருந்தும் மல்லுக்கட்டு தொடர்ந்தால், சபாநாயகர் எழுந்து நிற்கிறாரா என்று பாருங்கள். அவர் எழுந்தால் பேசிக்கொண்டிருப்பவர் உட்பட அனைவரும் உடனே அமர வேண்டும் என்பது விதி 361. பெரும்பாலான மாணவ சபாநாயகர்கள் அமர்ந்தபடியே மணியை அடித்து, “அமைதி, அமைதி” என்று கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் அணியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மணியைத் தொடாமல் மெல்ல எழுந்து, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அவையைப் பார்த்தாள். ஐந்து வினாடியில் அடங்கியது. அந்த ஒத்திகைக்குப் பிறகு மணியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

சொற்கள் எல்லை மீறுவது தனிக் கோளாறு. “பொய்” என்ற சொல் வந்தால் சபாநாயகர் அதை அவைக் குறிப்பிலிருந்து நீக்க வேண்டும் (விதி 380). உறுப்பினர் “உண்மைக்குப் புறம்பானது” என்று மாற்றிச் சொல்லட்டும். ஒருவர்மீது ஊழல் குற்றச்சாட்டு சொல்வதென்றால், சபாநாயகருக்கும் உரிய அமைச்சருக்கும் முன்னறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும் என்பது விதி 353. எழுதி வைத்த உரையை முன் அனுமதியின்றிப் படிக்கவும் கூடாது, குறிப்பைப் பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கடைசி விதியைக் காட்டியபோது என் மாணவர்கள் நம்பவில்லை, ஏனென்றால் தொலைக்காட்சியில் பலரும் படிப்பதைத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

அறிகுறி: ஒழுங்குப் பிரச்சினை எழுப்புவதே பெரிய பிரச்சினையாகிவிட்டது

ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் எழுந்து “ஒழுங்குப் பிரச்சினை!” என்று முழங்குகிறார், கேட்டால் புள்ளிவிவரம் தவறு என்கிறார், அல்லது தன் கட்சியை அவமதித்துவிட்டார்கள் என்கிறார். இரண்டும் ஒழுங்குப் பிரச்சினை அல்ல. விதி 376 சொல்வது இது: நடைமுறை விதிகளின் அல்லது அவை அலுவலை ஒழுங்குபடுத்தும் அரசியலமைப்புக் கூறுகளின் பொருளையோ செயலாக்கத்தையோ பற்றியதாக இருக்க வேண்டும், அந்த நேரத்தில் அவைமுன் உள்ள அலுவலைத் தொட்டதாக இருக்க வேண்டும். தகவல் கேட்பதற்கோ, சொந்த நிலையை விளக்குவதற்கோ, கற்பனையான ஒன்றுக்கோ அதைப் பயன்படுத்த முடியாது. தீர்மானம் வாக்கெடுப்புக்கு விடப்படும்போதும் எழுப்ப முடியாது.

சோதனை ஒரு வரிதான். ஒழுங்குப் பிரச்சினை எழுப்புபவரிடம் சபாநாயகர் “எந்த விதியின்கீழ்?” என்று கேட்கட்டும். விதி எண் வரவில்லை என்றால் இடமில்லை. அந்த ஒரு கேள்வியைச் சபாநாயகரின் தாளில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்த ஆண்டு, எழுப்பப்பட்டவை பதினொன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. சபாநாயகர் தீர்ப்புச் சொன்ன பிறகு அதன்மீது விவாதமும் இல்லை. “ஆனால் அவைத்தலைவரே” என்று தொடரும் மாணவரை அமர வைக்கத் தெரிய வேண்டும்.

அறிகுறி: மசோதா நிறைவேறியது, எப்போது நிறைவேறியது என்று யாருக்கும் தெரியவில்லை

அணிகள் அதிக மதிப்பெண் இழக்கும் இடம் இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். அமைச்சர் எழுந்து மசோதாவின் பெருமையைப் பேசுகிறார், எதிர்க்கட்சி தாக்குகிறது, அமைச்சர் பதில் சொல்கிறார், சபாநாயகர் “மசோதா நிறைவேறியது” என்கிறார். கைதட்டல். ஆனால் அவை எதையும் முடிவு செய்யவில்லை, ஏனென்றால் எதையும் முடிவு செய்யும்படி அவையை யாரும் கேட்கவில்லை.

வரிசையைப் பிடித்துக்கொள்ள ஓர் எடுத்துக்காட்டு. எங்கள் அணி எடுத்தது பள்ளிப் பையின் எடையைக் கட்டுப்படுத்தும் மசோதா. அமைச்சர் முதலில் மசோதாவை அறிமுகம் செய்ய அவையின் அனுமதியைக் கோருகிறார். சபாநாயகர் அதை அவைமுன் வைக்கிறார்: “அனுமதி அளிப்பதை ஏற்போர் ‘ஆம்’ என்க, மறுப்போர் ‘இல்லை’ என்க.” அனுமதி கிடைத்ததும் அமைச்சர் “மசோதாவை அறிமுகம் செய்கிறேன்” என்கிறார். இது ஒரு கட்டம். இங்கே எதிர்ப்போருக்குச் சுருக்கமான அறிக்கைக்கு மட்டுமே இடமுண்டு. இப்படிச் சட்டம் இயற்ற இந்த அவைக்கு அதிகாரமே இல்லை என்ற காரணத்தால் எதிர்த்தால் மட்டும் சபாநாயகர் முழு விவாதத்தை அனுமதிக்கலாம்.

அடுத்து, மசோதாவைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற தீர்மானம். அறிமுகத்துக்கும் இதற்கும் இடையே உண்மையான அவையில் நாட்கள் செல்லும். போட்டியில் சபாநாயகர் ஒரு வாக்கியத்தால் அந்த இடைவெளியைக் கடக்கலாம். பொது விவாதம் இங்கேதான். மாணவர்கள் அநேகமாக மறந்துவிடும் ஆயுதம் ஒன்றும் இங்கே இருக்கிறது: மசோதாவைத் தெரிவுக் குழுவுக்கு (அதை ஆராய அமைக்கப்படும் உறுப்பினர் குழு) அனுப்ப வேண்டும் என்றோ, பொதுமக்களின் கருத்தறியச் சுற்றுக்கு விட வேண்டும் என்றோ எதிர்க்கட்சி திருத்தம் கொண்டுவரலாம். கூச்சலை விட இது பத்து மடங்கு நாடாளுமன்றத்தனமானது.

பரிசீலனைத் தீர்மானம் ஏற்கப்பட்ட பிறகு ஒவ்வொரு பிரிவாகச் செல்ல வேண்டும், அதுவும் பிரிவு 2-இலிருந்து. எங்கள் மசோதாவின் பிரிவு 3, பையின் எடை மாணவரின் உடல் எடையில் நூற்றுக்குப் பத்தைத் தாண்டக் கூடாது என்றது. அதை எட்டாகக் குறைக்க எதிர்க்கட்சி திருத்தம் கொண்டுவந்தது. திருத்தம் முதலில் வாக்குக்கு வரும், பிறகு பிரிவு. முதல் ஒத்திகையில் சபாநாயகர் பிரிவு 3-ஐ ஏற்கச் செய்துவிட்டுத் திருத்தத்தைக் கூப்பிட்டார். பூட்டிய வீட்டுக்குச் சன்னல் வைப்பது போல. குறுந்தலைப்பைக் கொண்ட பிரிவு 1, இயற்று வாசகம் (சட்டம் இயற்றப்படுவதாகச் சொல்லும் தொடக்க வாசகம்), நீண்ட தலைப்பு ஆகியவை கடைசியில் வரும். ஏன் ஒன்று கடைசியில் வருகிறது என்று நடுவர் கேட்கக்கூடும். மற்றப் பிரிவுகள் எப்படி முடிகின்றன என்று தெரிந்த பின்புதான் பெயரை உறுதி செய்ய முடியும் என்று சொல்லத் தெரிந்திருக்கட்டும். இவ்வளவுக்கும் பிறகே மசோதா நிறைவேற்றப்பட வேண்டும் என்ற இறுதித் தீர்மானமும் அதன் வாக்கெடுப்பும்.

நேரம் குறைவென்றால் மசோதாவை ஐந்து பிரிவுக்குள் எழுதுங்கள். எதிர்ப்போ திருத்தமோ இல்லாத பிரிவுகளைச் சபாநாயகர் ஒன்றாகச் சேர்த்தே வாக்குக்கு விடலாம். மசோதாவின் வாசகம் சட்டம் போல ஒலிக்காமல் சுவரொட்டி போல ஒலித்தால், அதை நாமே திருத்தப் பாடுபட வேண்டாம். பெற்றோரில் யாராவது வழக்கறிஞர் இருப்பார். ஒரு மாலைப் பொழுது கேளுங்கள். வரி விதிப்பு, தொகுப்பு நிதியிலிருந்து (அரசின் முதன்மை நிதிக் கணக்கு) செலவு என்று உள்ளே நுழைந்துவிட்டால் குடியரசுத் தலைவரின் பரிந்துரை தேவைப்படும். அந்த வாசகத்தையும் அந்த வழக்கறிஞரிடமே காட்டிவிடுவது நல்லது.

அறிகுறி: வாக்கெடுப்பில் குழப்பம்

சபாநாயகர் குரல் வாக்கெடுப்பு நடத்தி முடிவை அறிவிக்கிறார், யாரோ எதிர்க்கிறார், அவர் விழிக்கிறார். எளிய காரணம், முடிவை ஒரேயடியாக அறிவித்தது. குரலைக் கேட்டதும் “ஏற்போரே அதிகம் என்று கருதுகிறேன்” என்று சொல்லிச் சற்று நிறுத்த வேண்டும். எதிர்ப்பு வராவிட்டால் உறுதியாக அறிவிக்கலாம். வந்தால் டிவிஷன், அதாவது எண்ணிக் கணிக்கும் வாக்கெடுப்பு. மக்களவையில் அதற்கு மணி ஒலித்து, மூன்றரை நிமிடம் பொறுத்து, மறுபடி கேட்பார்கள். ஒரு மணி நேரப் போட்டிக்கு இது கட்டுப்படியாகாது. தேவையின்றி டிவிஷன் கோரப்படுவதாகச் சபாநாயகர் கருதினால் இரு தரப்பையும் அவரவர் இடத்தில் எழச் செய்து எண்ணி முடிவு சொல்லலாம் என்று விதி 367 இடம் தருகிறது. அந்த வழியைப் பயன்படுத்துங்கள்.

சபாநாயகர் முதல் சுற்றில் வாக்களிப்பதில்லை. சம வாக்குகள் விழுந்தால் மட்டுமே, அரசியலமைப்பின் 100-ஆம் கூறின்படி, தன் வாக்கை அளிக்கிறார். ஒரு வாக்கின் கனத்தை மாணவர்களுக்கு உணர்த்த 1999 ஏப்ரல் 17-ஐச் சொல்லுங்கள்: வாஜ்பாய் அரசின் நம்பிக்கைத் தீர்மானத்துக்கு ஆதரவாக 269, எதிராக 270. நான் இதைச் சொன்ன பிறகு கொறடாவின் வேலை என்ன என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை.

கடினமான காரணம் வேறு. அணி ஆர்வத்தோடு அரசியலமைப்புத் திருத்த மசோதாவைத் தேர்ந்தெடுத்திருக்கும், பிறகு குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றிவிடும். 368-ஆம் கூறு இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தே கேட்கிறது: வந்திருந்து வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கு, மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை. 55 பேர் கொண்ட அவையில் 40 பேர் வாக்களித்து, 27 பேர் ஆதரித்து 13 பேர் எதிர்த்தார்கள் என்று வையுங்கள். மூன்றில் இரண்டு பங்கு கிடைத்துவிட்டது. ஆனால் 55-இல் பெரும்பான்மைக்கு 28 வேண்டும். மசோதா தோற்றது. ஒவ்வொரு பிரிவுக்கும் இந்தக் கணக்கு வேண்டும் என்பதால் எண்ணாமல் முடியாது. இவ்வளவுக்கு நேரம் இல்லையென்றால் சாதாரண மசோதாவுக்கு மாறிவிடுவதே புத்திசாலித்தனம்.

அறிகுறி: நம்பிக்கையில்லாத் தீர்மானம் நாடகமாகத் தெரிகிறது

நாடக ஆசை உள்ள அணிகள் இதை விரும்புவது இயல்பு. முதலில் பார்க்க வேண்டியது அவை: மக்களவையில் மட்டுமே இது உண்டு, ஏனென்றால் அமைச்சரவை கூட்டாகப் பொறுப்பேற்பது மக்களவைக்குத்தான். மாநிலங்களவையாக அமர்ந்துகொண்டு இதைக் கொண்டுவந்த அணியைப் பார்த்திருக்கிறேன். அடுத்து, நம்பிக்கையில்லாத் தீர்மானமும் நம்பிக்கைத் தீர்மானமும் குழம்பியிருக்கிறதா என்று பாருங்கள். முன்னதை எதிர்த்தரப்பு உறுப்பினர் கொண்டுவருகிறார். 1963 ஆகஸ்டில் ஆச்சார்ய கிருபளானி கொண்டுவந்ததே முதலாவது. பின்னதைப் பிரதமரே முன்மொழிகிறார்.

பிறகு வரும் தடங்கல் எண்ணிக்கை. விதி 198-இன்படி தீர்மானத்துக்கு அனுமதி கிடைக்கக் குறைந்தது 50 உறுப்பினர்கள் எழுந்து நிற்க வேண்டும். மொத்தமே 55 பேர் இருக்கும் அவையில் ஐம்பது பேர் எழுந்தால் ஆளுங்கட்சி எங்கே? மக்களவையின் கோரமும் (அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை), 543-இல் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில், இதே 55 என்பதை நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம். இந்த எண்ணைப் போட்டிக்கு எப்படிச் சுருக்குவது என்பதை நாமாக முடிவு செய்யாமல், நடத்துவோரிடம் எழுத்தில் கேட்டுப் பதிலைச் சபாநாயகரின் தாளோடு இணைத்துவிடுங்கள். அனுமதி கிடைத்த நாளிலிருந்து பத்து நாளுக்குள் விவாதம் நடக்க வேண்டும். ஆகவே அனுமதியையும் விவாதத்தையும் ஒரே அமர்வில் வைப்பதானால் சபாநாயகர் அதை வெளிப்படையாக அறிவிக்கட்டும்.

அறிகுறி: வெளிநடப்பு செய்தவர்கள் திரும்பி வரவில்லை, கூச்சல் அடங்கவில்லை

ஒருமுறை எங்கள் எதிர்க்கட்சி மிகுந்த கம்பீரத்தோடு வெளிநடப்பு செய்து, வராந்தாவில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே அவர்களுடைய திருத்தமே வாக்குக்கு வந்து தோற்றது. வெளிநடப்புக்கு முன் கொறடா அடுத்த அலுவல் என்ன என்று பார்த்திருந்தால் போதும். அரசியல் காரணத்துக்காக வாக்கெடுப்பைத் தவிர்த்து வெளியேறுவது வேறு. 2023 ஆகஸ்டில் எதிர்க்கட்சிகள் பிரதமரின் பதிலுரையின்போது வெளியேற, அவர்கள் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் குரல் வாக்கெடுப்பில் தோற்றது. அது தெரிந்து செய்தது. மாணவர் அணியிலும் தெரிந்தே செய்யட்டும்: தலைவர் காரணத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லி, வரிசையாக வெளியேறி, குறித்த நேரத்தில் வணங்கி உள்ளே வர வேண்டும்.

கூச்சல் என்றால் படிப்படியாக ஏறுங்கள். எச்சரிக்கை, அந்த நாள் முழுவதும் அவையை விட்டு வெளியேறச் சொல்லுதல் (விதி 373), பெயரைச் சுட்டித் தீர்மானத்தின் மூலம் இடைநீக்கம் (விதி 374), அவையின் மையப் பகுதிக்கு வந்து தடைசெய்தால் ஐந்து அமர்வுகளுக்கோ கூட்டத்தொடரின் எஞ்சிய காலத்துக்கோ, எது குறைவோ அதற்குத் தானாகவே இடைநீக்கம் (விதி 374அ). முதல் நிமிடத்திலேயே கடைசி விதியை எடுக்கும் சபாநாயகருக்கு அடுத்த படி இருக்காது. இவ்வளவுக்கும் பிறகும் ஒத்திகைகளில் இரண்டு தரப்பும் உண்மையாகவே மனக்கசப்போடு வெளியேறினால், அது நடைமுறைக் கோளாறு அல்ல. அன்றோடு ஒத்திகையை நிறுத்தி, வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். தரப்புகளை மாற்றி உட்கார வைப்பது சில வேளைகளில் பேச்சை விட நன்றாக வேலை செய்யும்.

அறிகுறி: விதி எண்கள் சரி, ஆனாலும் அவை அவையாகத் தோன்றவில்லை

இதற்குத் தாள் பதில் சொல்லாது. சட்டமன்றச் செயலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவரோ, அவை நிருபராக இருந்தவரோ உங்கள் ஊரில் இருந்தால் ஒரு முழு ஒத்திகைக்கு அழைத்து வாருங்கள். முன்னாள் சட்டமன்ற உறுப்பினரை அழைப்பதை விட இது பயனுள்ளது என்பது என் அனுபவம். உறுப்பினர் தன் பேச்சுகளைச் சொல்லுவார், செயலக ஊழியர் சபாநாயகரின் அருகில் எந்தத் தாள் எப்போது நீட்டப்பட்டது என்பதைச் சொல்லுவார். மாதிரி நாடாளுமன்றம் என்ற யோசனையே 1962-இல் மும்பையில் நடந்த அகில இந்தியக் கொறடாக்கள் மாநாட்டின் பரிந்துரை. 1966-67-இல் தில்லிப் பள்ளிகளில் தொடங்கியது. அவையை உள்ளிருந்து நகர்த்துபவர்களின் யோசனை என்பதால், அவர்களைப் போன்றவர்களிடமே கேட்பது பொருத்தம்.

அறிகுறி: போட்டிக்கு நான்கு நாள் இருக்கையில் சபாநாயகரின் குரல் கம்மிவிட்டது

மணியையும் கத்தலையும் நிறுத்துங்கள். வெந்நீர், ஓய்வு, கிசுகிசுப்பும் வேண்டாம். ஓய்வு கொடுத்தும் ஒரு வாரமாகத் தெளியவில்லை என்றாலோ, விழுங்கும்போது வலித்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். துணைச் சபாநாயகரை முதல் ஒத்திகையிலிருந்தே தயாராக வைத்திருந்தால், நடு அமர்வில் இருக்கை மாறுவதும் அவை வழக்கம்தான் என்பதால், இதில் இழப்பதற்கு எதுவும் இல்லை. சபாநாயகரின் தாளுக்கு இரண்டாவது பிரதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.